இடைவேளையில் கிளம்பும் வண்டி

தியேட்டரில் வண்டி ஸ்டாண்டு பார்ப்பது என் வேலை. இருபது வருஷமாகப் பார்க்கிறேன். படம் எப்படி என்று வெளியே வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

எங்கள் தியேட்டருக்கு வரும் சினிமா விமர்சகர் ஒருவர் இப்போது பெரிய ஆள். மெட்ராஸ் நடிகர்களே அவருக்குப் போன் பண்ணுகிறார்களாம். எனக்கு அவரைச் சைக்கிளில் வந்த காலத்திலிருந்து தெரியும். உழவர்கரையிலிருந்து மிதித்து வருவார். மாலைப் பேப்பரில் எழுதினார். திரையில் பெயரெல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் வெளியே வருவார். கடைசி சைக்கிள் அவருடையதுதான். தம்பி என்று கூப்பிடுவேன்.

பிறகு மொபெட். பிறகு பெரிய பைக். நானும் சார் என்று மாறினேன். செல்போனில் வீடியோவாக விமர்சனம் பேச ஆரம்பித்தார். மற்றவர்களுக்கு முன்னால் பேசிவிட வேண்டும் என்று இடைவேளையிலேயே கிளம்புவார். முதல் நாள் கூட்டத்தில் வண்டி நடுவில் மாட்டினால் படம் விடும்வரை எடுக்க முடியாது. அதனால் அவர் வண்டியை மட்டும் கேட் ஓரம், ரோட்டைப் பார்த்து நிறுத்துவேன். டோக்கன்கூடக் கொடுப்பதில்லை. சாவியை என் கையில் போட்டுவிட்டுப் போவார். அதில் எனக்குப் பெருமை வேறு. இன்றைக்கு நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

என் கூடப் பிறந்த தம்பி சேதராப்பட்டில் கம்பெனியில் நிரந்தர வேலையில் இருந்தான். நாடகத்தில் நடிப்பான். ஒரு படத்தில் அப்பன் வேஷம் கிடைத்தது. இடைவேளைக்கு அப்புறம்தான் வருவான். படம் ஓடினால் அடுத்ததிலும் வேஷம் உண்டு என்று டைரக்டர் சொன்னார். நம்பி வேலையை விட்டான்.

அந்தப் படம் எங்கள் தியேட்டரிலேயே வந்தது. முதல் நாள், முதல் காட்சி. விமர்சகர் இடைவேளையில் வந்தார். என் தம்பி இனிமேல்தான் வருவான், இருந்து பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வண்டியைத் தள்ளிக் கொடுத்தேன்.

படம் விட்டது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அதற்குள் டீக்கடையில் அவர் விமர்சனம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதி இழுவையாம். அப்பாவாக வருகிறவர் மரம் மாதிரி நிற்கிறாராம். போஸ்டரைப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

மாலைக் காட்சிக்குப் பாதி ஸ்டாண்டு காலி. திங்கட்கிழமை படத்தைத் தூக்கிவிட்டார்கள். டைரக்டர் போனை எடுக்கவில்லை. தம்பி அதே கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் போனான்.

"மரம் மாதிரியாண்ணே நின்னேன்?" என்று ஒரு தடவை கேட்டான்.

ஸ்டாண்டை விட்டு நகர முடியாதவன் நான். நானும் பார்க்கவில்லை. பார்க்காததை எப்படிச் சொல்வது?

அடுத்த வெள்ளிக்கிழமை விமர்சகர் வந்து சாவியைப் போட்டார். வண்டியைக் கடைசிச் சுவர் ஓரம் கொண்டுபோய் நிறுத்தினேன். முன்னால் ஐந்து வரிசை வண்டி அடைத்தேன். இடைவேளையில் வந்து பார்த்தார்.

"இன்னாண்ணே, வண்டிய அங்க போட்டுருக்கீங்க?"

"மாட்டிக்கிச்சு. படம் வுட்டாதான் வரும். மிச்சத்தப் பாத்துட்டு வா, தம்பி."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். அன்றைக்கும் இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசினார்.

சாயங்காலம் வண்டி எடுக்க வேறொருவரை அனுப்பினார். டோக்கன் கேட்டேன். இல்லை என்றார். அப்படியென்றால் வண்டிக்காரரே வர வேண்டும் என்றேன். முதலாளி கூப்பிட்டுத் திட்டினார். டோக்கன் இல்லாவிட்டால் அப்படித்தான் என்று போர்டு எழுதி மாட்டியவரே அவர்தான். போர்டைக் காட்டினேன். உள்ளே போய்விட்டார்.

நான்கு நாளாக வண்டி சுவர் ஓரம் நிற்கிறது. சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. அவர் வரட்டும். என் தம்பி எந்தச் சீனில் மரம் மாதிரி நின்றான் என்று கேட்பேன். சொன்னால் சாவி.