முகாமுக்கு மூன்று முறை போனவர்

அந்த மொட்டைக் கடிதத்தை எழுதியவன் நான்தான்.

வேறு யாருமில்லை. எவரும் என் கையைப் பிடித்து எழுதுவிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆளில்லாத ஆசிரியபீடத்தில், மின்விசிறிக்குக் கீழே இருந்து நானே எழுதினேன். பெயர் போடவில்லை. மொட்டைக் கடிதத்துக்கு யார்தான் பெயர் போடுவார்கள்?

இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். களைத்துப்போனேன்... அதைவிடப் பெரிய காரணம் ஏதும் என்னிடமில்லை.

மரியதாஸை நீங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. குருநகர்க்காரர். தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போன குடும்பத்தில் முதன்முதலாகப் பேனா பிடித்தவர். நான் உடுப்பிட்டி. யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றில் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். யுத்தத்தின்போது கடதாசி வராமல் நின்ற நாட்களில் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அடித்தோம். ஷெல் விழுந்தால் ஒரே மேசைக்குக் கீழே படுத்தோம். அவர் செபமாலை சொல்வார். எனக்குத் தேவாரம் பாதியில் மறந்துவிடும். அப்போது எங்களுக்குள் அணி என்றொன்று இருக்கவில்லை.

யுத்தம் முடிந்தது. என் தம்பி குகன் உயிரோடு இருக்கிறான், இராணுவத்தின் புனர்வாழ்வு முகாமொன்றில் வைத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. அவனைப் போய்ப் பார்க்க எனக்குத் துணிவில்லை. உண்மையைச் சொல்கிறேன்... பயந்தேன். பத்திரிகைக்காரன், அதிலும் இயக்கத்திலிருந்தவனின் தமையன்! உள்ளே போனால் திரும்பி வருவேனா என்று நடுங்கினேன்.

மரியதாஸ்தான் போனார். நான் கேட்கவில்லை; அவராகவே கேட்டார்.

“எனக்குச் சிங்களம் வரும். நீர் போய் மாட்டுப்படாதையும். நான் போய்க் கதைச்சுப் பாக்கிறன்.”

மூன்று முறை போனார். முதல்முறை அதிகாரியைக் காணவே முடியவில்லை. இரண்டாம் முறை, என் அம்மா செய்துகொடுத்த பொரிவிளாங்காய்ப் பொதியோடு போனார். அதிகாரி தேநீர் கொடுத்து உட்காரவைத்துப் பேசினாராம். மூன்றாம் முறை ஒரு கடித உறையோடு திரும்பினார். உள்ளே தம்பி அம்மாவுக்கு எழுதிய நான்கு வரி. அம்மா அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சில மாதங்களில் தம்பியை விட்டார்கள்.

“இதை ஒருதருக்கும் சொல்லாதையும். ஆரையோ காட்டிக் குடுத்துத்தான் வெளியிலை வந்தவன் எண்டு பெடியனைச் சொல்லுவாங்கள். உமக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சால் காணும்,” என்றார் மரியதாஸ்.

அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை ஞாபகத்தில் வைத்திருங்கள். எனக்கு அது மறப்பதேயில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் எங்கள் அரசியல் இரண்டாய்ப் பிளந்தது. கொழும்போடு பேசித்தான் எதையாவது பெறலாம் என்றது பெரிய அணி. பேசியது போதும், தேர்தலையே புறக்கணிப்போம் என்றது பிரிந்துபோன அணி. பிளவு எங்கள் ஆசிரியபீடத்துக்குள்ளும் வந்தது. மேசைகள் இடம் மாறின. தேநீர்கூட இரண்டு கூட்டமாகப் போய்க் குடித்தோம். அவர்களுடைய தலைவர் பேசினால் நான் ஐந்தாம் பக்கத்தில் மூன்று அங்குலம் கொடுப்பேன். எங்கள் தலைவர் இருமினால் அவர்கள் அதைக்கூட வெட்டுவார்கள்.

ஆம், நான் பிரிந்துபோன அணி. அதை மிகவும் நம்பினேன். எதையாவது நம்பாமல் அந்த வருடங்களை எப்படிக் கடந்திருப்பேன்?

மரியதாஸ் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தெருவோரக் கொட்டிலில் இருந்து போராடிய தாய்மாரின் செய்திகளை மட்டும் விடாமல் எழுதினார். பிள்ளைகளின் படங்களைத் தாய்மார் அவரிடம்தான் நம்பிக் கொடுத்தார்கள்.

ஒருநாள் எங்கள் அணித் தலைவர் அந்தக் கொட்டிலுக்குப் போனார். தாய்மார் அவரை ஏசி அனுப்பிவிட்டார்கள். மரியதாஸ் அதை அப்படியே எழுதினார். நான் வெட்டினேன். அவர் அச்சுக்குப் போகுமுன் திரும்பவும் சேர்த்தார். காலையில் முதற் பக்கத்தில் வந்தது!

எங்கள் ஆட்கள் கொதித்தார்கள். அந்த மாதம் ஆசிரியர் ஓய்வுபெறவிருந்தார். மரியதாஸைத் தன் இடத்துக்குச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் நின்றவர்களுக்கு இருந்த ஒரே ஆள் நான்.

“உவன் வந்தால் பேப்பர் கை விட்டுப் போச்சு,” என்றார் எங்களில் ஒருவர். “உவனிலை ஒரு பிழையும் இல்லையோ?”

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது.

அவர்களிடம் சொல்லவில்லை. எழுதினேன். மரியதாஸ் எந்தெந்த மாதம் முகாமுக்குப் போனார், உள்ளே பொதி கொண்டுபோனது, அதிகாரி தேநீர் கொடுத்தது, உறையோடு வெளியே வந்தது... எல்லாம். கடைசியில் ஒரேயொரு வரி: ‘தாய்மாரின் பெயர் விபரம் யாருக்குப் போகிறது?’

கவனியுங்கள். அது கேள்வி. மற்றவை எல்லாம் உண்மை. பொய்யென்று ஒரு சொல்லைக்கூட நீங்கள் அதில் காட்ட முடியாது. அந்தத் திறமையை எண்ணி அன்று எனக்குள்ளே ஒரு பெருமைகூட வந்தது... சீ!

என் நடையை அலுவலகத்தில் எவரும் அடையாளம் காண்பார்கள். அதனால் பிழைகள் இட்டேன். ‘அறிக்கை’யில் சின்ன ரகரம், ‘தாய்மார்’ இருந்த இடத்தில் ‘தாய்மாற்’. இருபது வருடம் பிறர் பிழையைத் திருத்திய கை, அன்று பிழைகளைத் தேடித் தேடி இட்டது. மருதனார்மடத்தில் என்னை அறியாத கடையொன்றில் பிரதி எடுத்தேன். ஒன்று பத்திரிகை இயக்குநருக்கு, ஒன்று தாய்மாரின் கொட்டிலுக்கு, மற்றவை இரண்டு அணிக்கும். தபாற்பெட்டிக்குள் போட்டபின் சந்தைக்குள் போய் வீட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கினேன். நல்ல பிஞ்சாய்ப் பார்த்துத்தான் வாங்கினேன்.

நான்காம் நாள் இயக்குநர் எங்களை அழைத்தார். மேசையின் இந்தப் பக்கம் நானும் இன்னும் இருவரும். அந்தப் பக்கம் மரியதாஸ் தனியே. இயக்குநர் கடிதத்தை அவருக்கு முன்னால் வைத்தார்.

மரியதாஸ் மெதுவாக வாசித்தார். ஒருமுறை வாசித்து, திரும்பவும் வாசித்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். இயக்குநரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“போனனீரோ, இல்லையோ?” என்று இயக்குநர் கேட்டார்.

“ஓம், போனனான்.”

“என்னத்துக்கு?”

“ஒரு ஆளின்ரை அலுவலாய்.”

“ஆர் அந்த ஆள்?”

மரியதாஸ் காத்துக்கொண்டிருந்தார். அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். ‘என் தம்பிக்காகப் போனவர்’ என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்று சொல்! கடிதம் எழுதியதைக்கூட ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. அந்த மூன்று சொல்லே அவரைக் காப்பாற்றப் போதும். நான் மேசையில் தாள்களின்மேல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அது சொல்ல ஏலாது, ஐயா,” என்றார் மரியதாஸ்.

கடிதம் எழுதியது கோபத்தில் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். இந்த மௌனத்துக்கு என்ன சமாதானம் சொல்வேன்? நீங்கள் ஏதாவது கண்டுபிடித்தால் எனக்கு வேண்டாம், உங்களோடே வைத்துக்கொள்ளுங்கள்.

இயக்குநர் அவரை விலக்கவில்லை. விலக்கத் தேவையும் வரவில்லை. மறுநாள் காலை நாகேஸ்வரி அக்கா அலுவலகத்துக்கு வந்தார். கொட்டிலில் முதல் நாளிலிருந்து இருந்த தாய். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நேரே மரியதாஸின் மேசைக்கு வந்து நின்றார்.

“தம்பி, என்ரை பிள்ளையின்ரை படத்தைத் தாங்கோ.”

“அக்கா, இருங்கோ. உவங்கள் எழுதினதை நம்பிறியளோ?”

“நம்பிறனோ இல்லையோ தெரியேல்லை, தம்பி. எனக்கு இருக்கிறது அந்த ஒரு படம்தான். தாங்கோ.”

அவர் குரலில் கோபமே இல்லை. மரியதாஸ் மேசை லாச்சியைத் திறந்து, கடித உறைகளுக்குள் தேடி, படத்தை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தார். அக்கா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். அன்று பின்னேரத்துக்குள் இன்னும் ஏழெட்டுத் தாய்மார் வந்தார்கள். அவரவர் படத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். நான் ஆறடி தள்ளியிருந்து தலையங்கம் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் கண்ணுக்குத் தெரியவில்லை...

லாச்சி வெறுமையானதும் மரியதாஸ் வேலையை விட்டுப் போனார். வேறெந்தப் பத்திரிகையும் அவரை எடுக்கவில்லை. கொழும்புத்துறையில் மனைவியின் வீட்டில் இருந்து பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். ‘துரோகி’ என்ற சொல் எங்கள் ஊரில் ஒருவருடைய வீட்டுப் படலைக்குள் போனால் பிறகு வெளியே வராது. சில பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தினார்கள் என்றும் கேள்விப்பட்டேன்.

நான் ஆசிரியரானேன்.

அந்தக் கதிரையில் ஆறு வருடம் இருந்தேன். முடிவில் நடந்தது என்ன தெரியுமா? இன்னொரு தேர்தல் வந்தது; ஒரே பட்டியலில் ஆசனம் பங்கிட்டுக்கொண்டு இரண்டு அணியும் சேர்ந்துவிட்டன! யாருக்காக யார் யாரை ஒழித்தோமோ, அவர்கள் மேடையில் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு நின்றார்கள். அந்தப் படத்தை முதற் பக்கத்தில் நான்கு பத்தி அகலத்தில் போடச் சொன்னவனும் நான்தான். படவிளக்கத்தையும் நானே எழுதினேன். சிரிப்புக்கூட வரவில்லை. அத்தனை களைப்பு.

என் தம்பி இன்று உடுப்பிட்டியில் தோட்டம் செய்கிறான். வெங்காயம் கிண்டி எடுத்தால் முதல் பிடி கொழும்புத்துறைக்குப் போகும். அவனே மோட்டார்ச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பான். தனக்காகத்தான் அவர் முகாமுக்குப் போனார் என்று ஊருக்குச் சொல்ல அவன் வெளிக்கிட்டபோது, மரியதாஸே தடுத்துவிட்டாராம். ஒருமுறை திரும்பி வந்து சொன்னான்:

“அண்ணை, தாஸ் அண்ணையைப் பற்றி அந்தக் கடிதம் எழுதினவன் ஆரெண்டு மட்டும் எனக்குத் தெரியவேணும். இயக்கத்திலை இருந்த காலத்திலையும் நான் ஒருதரையும் இப்பிடி வெறுக்கேல்லை.”

“விடு, பழங்கதை,” என்றேன்.

சென்ற மாசியில் மரியதாஸுக்கு நெஞ்சு நோய் என்று கேள்விப்பட்டேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடு காலையிலேயே போனேன். முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரையில், கடலைப் பார்த்தபடி இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார்.

“வாரும். இரும். தம்பி எப்பிடி இருக்கிறான்?”

“சுகமாய் இருக்கிறான்.”

“நல்ல பெடியன். போன கிழமையும் வந்தவன்.”

கடலிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

“மரியதாஸ், உம்மட்டை ஒண்டு...”

அவர் கையை உயர்த்தினார்.

“சொல்லாதையும்.”

“உமக்கு என்னெண்டு தெரியாது...”

“மூண்டு தரம் போனதும், அந்த மனுசன் தேத்தண்ணி தந்ததும் ஆருக்குத் தெரியும், காணும்? வாசிச்ச அண்டைக்கே எனக்குத் தெரியும்.”

நான் அழுதேனா? இல்லை. கண்ணீர்கூட வராத வறட்சி.

“நீர் சொன்னால் நான் மன்னிக்கவேணும்,” என்றார் அவர், மிக மெதுவாக. “நான் பூசைக்குப் போற மனுசன். கேட்ட பிறகு மன்னிக்காமல் இருக்கேலாது. ஆனால் எனக்கு மனம் வரேல்லை. அதாலை சொல்லாதையும். என்னை அந்தப் பாவத்துக்குள்ளை விடாதையும்.”

பிறகு உள்ளே திரும்பி, “ரீத்தா, உவருக்கு ஒரு தேத்தண்ணி கொண்டு வாரும்,” என்று மனைவியைக் கூப்பிட்டார். கொண்டுவந்தார். சீனி அளவாக இருந்தது. கடைசிவரை குடித்தேன்.

சித்திரையில் மரியதாஸ் இறந்தார். பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கியவர்களில் என் தம்பியும் ஒருவன். எனக்கும் இடம் விட்டார்கள், பழைய சிநேகிதன் என்று! தூக்கினேன்.

அவர் கேட்க விரும்பாததை இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு என்னை மன்னிக்கும் கடமை ஏதுமில்லை. அதனால்தான் உங்களைத் தேர்ந்தேன் போலும். இதன் கீழே என் பெயர் இருக்கும். நான் எழுதுவது எதையும் தம்பி தவறவிட்டதில்லை. இதையும் வாசிப்பான்.

அவனிடம் நேரே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம்... இன்றைக்கும் எழுதத்தான் செய்தேன்.