யாரும் மாட்டாத மூடி
சமயநல்லூர் பக்கம் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் கணக்கு பார்த்தேன். அங்கே அட்டை வெட்டும் மெஷினில், கத்தியில் கை படாமல் இருக்கப் போட்ட இரும்பு மூடியை, வேலை பார்க்கும் பெண்கள் கழற்றியே வைத்திருப்பார்கள்.

பாதுகாப்பு ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் முதலாளி, "எம்புட்டு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாங்க சார்" என்றார்.

"ஏன் கழட்டுறாங்கன்னு கேட்டீங்களா? மாட்டிக்கிட்டே வேலை பாக்குற மாதிரி மூடி குடுக்குறதும் உங்க பொறுப்புதான்."

அந்தக் கேள்வி என்னையும் குடைந்தது. அதிகாரி போனதும் முதலாளி மூடியை மாட்டி, தானே அட்டையை வெட்டிப் பார்த்தார். கோணலாக வந்தது.

"வெட்டுற கோடே தெரியலையே!"

"அதுக்குத்தாண்ணே கழட்டுறோம்" என்றார் மெஷின்காரப் பெண்.

மறுவாரம், உள்ளே தெரிகிற கெட்டி பிளாஸ்டிக் மூடி வந்தது. அதை யாரும் கழற்றவில்லை. முதலாளியோ அடுத்த மெஷினுக்குப் போய், "இதுல என்னம்மா இடைஞ்சல்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.