முடியெடுக்க வந்த டாக்டரம்மா

அந்த டாக்டரம்மாவை நான் பார்த்தது ஒரே ஒரு மத்தியானம்தான்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, குரங்கணியிலிருந்து போன பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கொடுத்த ஜூஸைக் குடித்தேன். போடி பஸ் ஸ்டாண்டில் செயின் இல்லாமல் மயங்கிக் கிடந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சோதனையில் எதுவும் தெரியவில்லை. "குடிச்சிட்டுக் கெடந்திருக்கா" என்றது ஊர். என் கணவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போலீஸில் கொடுத்த புகாரின்பேரில், தடயவியல் டாக்டர் என்று சொல்லி ஜீப்பில் வந்தவருக்கு நரைத்த தலை, ஒடிசலான உடம்பு. பேசும்போதெல்லாம் டீ கிளாஸை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். என் உச்சந்தலையில் வேரையொட்டி ஒரு கொத்து முடியை வெட்டி, வேர்ப்பக்கம் நூல் கட்டினார்.

"மாசமாச்சே, இன்னுமா தெரியும்?" என்றேன்.

"மயக்க மருந்து ரத்தத்துல இருந்து வெரசா போயிரும் ஆத்தா. வளர்ற முடியில தங்கிரும். முன்னெல்லாம் இம்புட்டுக் கொஞ்சத்தக் கண்டுபிடிக்க முடியாது. இப்ப வந்திருக்க மிஷினு பிடிச்சிரும்."

"இல்லேன்னு வந்துட்டா?"

"இல்லேன்னுதான் எழுதுவேன்."

என் கண் கலங்கிவிட்டது.

"ஒன்னய நம்பாமயா ஆத்தா இம்புட்டுத் தூரம் ஏறி வந்தேன்?" என்றார்.

முடியில் தூக்க மருந்து இருந்ததாக அறிக்கை வந்தது. என் கணவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஊரும் வாயை மூடியது.

எல்லாரும் காகிதத்தைப் பார்த்து நம்பினார்கள். முன்பின் தெரியாத அந்த அம்மா எதைப் பார்த்து என்னை நம்பினார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.