வாரண்டியில் நான் சொல்லாத ஒன்பதாவது வரி

லேப்டாப் விற்பவர்களுக்கு லேப்டாப்பைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள், இன்னும் லேப்டாப் வாங்கவில்லை என்று அர்த்தம். மைசூரில் ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையில் நாலு வருஷமாக நான் அதைத்தான் விற்கிறேன். ‘கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் தெரிந்த பெண் தேவை’ என்று கடை வாசலில் ஒட்டியிருந்ததைப் பார்த்துச் சேர்ந்தேன். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று ஏமாந்தவர்களும், இந்தப் பக்கம் நின்று திட்டு வாங்கியவர்களும் இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடலாம். நாமெல்லாம் ஒரே ஜாதி.

இரண்டு மணி நேரப் பாடம்

சரஸ்வதிபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் கோடு போட்ட நோட்டு. ரேம் எதற்கு, எஸ்எஸ்டி எதற்கு, திரை மினுமினுப்பாக இருந்தால் நல்லதா மங்கலாக இருந்தால் நல்லதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குகிறவர்கள் எங்கே கிடைக்கிறார்கள்? சாப்பாட்டு நேரம் போய்விட்டது. டப்பாவில் சாதம் ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில் மாடல் நம்பரை போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினார். போன் டிங் என்றது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டு, மனசாரச் சொன்னார்: “ரொம்ப நன்னா சொல்லிக் குடுத்தேம்மா. பிள்ளை அதையே ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிட்டானாம், நாளைக்கே வந்துடுமாம்.”

அப்புறம் போட்டுக்கலாமா

ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பதி. மகன் வீடியோ எடிட்டிங் படிக்கிறான். “இப்ப எட்டு ஜிபி போதும், அப்புறம் பதினாறு ஆக்கிக்கலாம் இல்லையா?” என்று கேட்டார்கள். ஆக்க முடியாது. அந்த மாடலில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. வாங்குகிற அன்று என்ன இருக்கிறதோ அதுதான் சாகும்வரை. தனியாக ரேம் போட இடமுள்ள மாடல் எங்களிடம் தீர்ந்துபோயிருந்தது. உள்ளதைச் சொன்னேன். அடுத்த வாரம் வருகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். எங்கள் தொழிலில் அடுத்த வாரம் என்று ஒரு வாரம் கிடையாது.

மேனேஜர் மஞ்சுநாத் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கோபப்படவில்லை. டையைச் சரிசெய்துகொண்டு கன்னடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், ‘ஹேளோக்கல்ல’ என்றால் சொல்வதற்கு அல்ல, மற்றதற்கு உங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது: “நிஜ ஹேளோக்கல்லம்மா நிமகெ சம்பள கொடோது.”

பயம் காட்டும் வகுப்பு

அதன் பிறகு எங்களுக்குப் பயிற்சி கொடுக்க பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். அவர் பாடம் இதுதான்: வாடிக்கையாளர் வாங்கச் சம்மதிக்கும்வரை லேப்டாப்பை வானளாவப் புகழ வேண்டும். சம்மதித்த அடுத்த நிமிஷம், அதே லேப்டாப்பின் மதர்போர்டு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று பயம் காட்டி, நீட்டித்த வாரண்டியைத் தலையில் கட்ட வேண்டும். யார் எத்தனை வாரண்டி விற்றார்கள் என்று தினமும் சாயங்காலம் வாட்ஸப் குரூப்பில் பட்டியல் வரும். இரண்டு மாதமாக என் பெயருக்கு நேரே பூஜ்யம். மூன்றாவது மாதமும் அப்படியே இருந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் நான் ஒருத்திதான்.

சரி என்று, குண்டலுபேட்டையிலிருந்து வந்த ஒரு டீச்சரிடம் முயன்று பார்த்தேன். புகழ்ந்தேன், பயம் காட்டினேன். அந்த அம்மா கைப்பையை மூடிவிட்டார்: “ஏம்மா, இவ்ளோ நேரம் பத்து வருஷம் உழைக்கும்னே, பில் போடறப்போ கெட்டுப்போயிடும்கறே. நான் எதை நம்பி கார்டு குடுக்கறது?”

நம்ம பாஷை

மூன்றாவது மாதத்தின் கடைசி நாள். கொள்ளேகாலைத் தாண்டி இருக்கும் கௌதள்ளியிலிருந்து ஒரு தமிழ் டெய்லர் வந்தார், பெயர் பழனிசாமி. இங்கே ஹாஸ்டலில் தங்கி எம்சிஏ படிக்கும் மகளுக்கு லேப்டாப் வேண்டும். “நிம்மவரு பந்தித்தாரெ”, உங்க ஆள் வந்திருக்கார் என்று மஞ்சுநாத் என்னைத் தள்ளிவிட்டார். நான் தமிழில் பேசியதும் டெய்லர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இரண்டு கடை ஏறி இறங்கியும் ஒருவரும் புரிகிற மாதிரி சொல்லவில்லையாம்.

எங்களிடம் இரண்டு திட்டம் உண்டு. கீழே விழுந்தால், தண்ணீர் கொட்டினால் பார்த்துக்கொள்வது ஒன்று. உள்ளே தானாகப் பழுதானால் மட்டும் பார்த்துக்கொள்வது இன்னொன்று. ஹாஸ்டலுக்கும் ஊருக்கும் பஸ்ஸில் அலையும் பெண்ணுக்கு முதலாவதுதான் தேவை. வாட்ஸப் பட்டியலில் நீட்டித்த வாரண்டியாக எண்ணப்படுவது இரண்டாவது மட்டும். அதன் தாளில் இங்கிலீஷில் பத்து வரி. ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். விழுந்து உடைந்தால் செல்லாது என்ற ஒன்பதாவது வரி வந்தபோது தொண்டையைக் கனைத்துக்கொண்டு பத்தாவதுக்குப் போய்விட்டேன். மறதி இல்லை. தெரிந்தேதான் செய்தேன். “எல்லாத்துக்கும் சேருங்களா?” என்று கேட்டார். “மூணு வருஷத்துக்குக் கவலையே இல்லண்ணா” என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்: “நம்ம பாசையில சொல்லிப்போட்டீங்க, அது போதுமுங்க அம்மிணி. எங்க கையெழுத்துப் போடோணும்?”

தைத்த உறை

எனக்கு வேலை தங்கியது. போதாததற்கு ‘முன்னேற்ற நட்சத்திரம்’ என்று என் போட்டோவைக் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒட்டினார்கள். ஐந்து மாதம் கழித்துப் பழனிசாமி அந்தப் போட்டோவுக்கு நேர் கீழே வந்து நின்றார். கூடவே மகள். அவர் கையால் தைத்த உறை, உள்ளே பஞ்சு வைத்து, மூலைக்கு மூலை இரட்டைத் தையல். அதற்குள் லேப்டாப். கொள்ளேகால் பஸ்ஸில் மேல் தட்டிலிருந்து விழுந்திருக்கிறது. உறை அப்படியே இருந்தது, திரை குறுக்கே பிளந்திருந்தது. திங்கட்கிழமை அந்தப் பெண் ப்ராஜெக்ட் காட்ட வேண்டும்.

சர்வீஸ் டெஸ்க்கில் தாளைப் பார்த்துவிட்டு முடியாது என்றார்கள். திரை மாற்ற அவர்கள் சொன்ன தொகை புது லேப்டாப்பில் பாதி. மகள் தாளை வாங்கி, விரல் வைத்து ஒன்பதாவது வரியைப் படித்து, அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். நான்கு விநாடிகூட ஆகவில்லை, அவ்வளவு சின்ன வரி. அவர் சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன், போட்டிருந்தால் தேவலை. உறைக்குள் லேப்டாப்பைத் திரும்ப வைத்துப் பட்டனைப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்: “எல்லாத்தையும் தமிழ்லதானுங்க சொன்னீங்க. இந்த ஒண்ணை மட்டும் எதுக்குங்க அம்மிணி இங்கிலீசுலயே உட்டுப்போட்டீங்க?”

மூன்று மொழி தெரியும் என்று என்னை வேலைக்கு எடுத்தார்கள்.