மாமியாரின் இஸ்திரிப் பெட்டி

ஊரில் எல்லோருக்கும் அவள் சாவியக்கா. கடல் கடந்து வந்த துரை குடும்பம் மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்டுப் போன பண்ணைவீட்டை அருங்காட்சியகமாக்கியபோது பெருக்கித் துடைக்க வந்தவள். போகப்போக எல்லா அறைச் சாவியும் அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. பின்பக்கத்தில் ஓர் அறையைக் குடியிருக்கவும் கொடுத்தார்கள். புருஷன், மாமியார், அவள் என மூவரும் அதில்தான். வேலை போனால் கூரையும் போகும்.

அந்த வீட்டை அவள் பார்த்துக்கொண்ட அழகை என்னவென்று சொல்ல! துரை எப்போதோ படுத்த கட்டிலுக்குத் தினமும் விரிப்பைத் தட்டிப் போடுவாள். யாரும் சாப்பிடாத தட்டுகளைக் கழுவித் துடைத்து மேசையில் பரப்புவாள். "செத்தவங்களுக்குச் செய்யறதுல பாதி எனக்குச் செஞ்சா போதும்" என்று மாமியார் முணுமுணுப்பது வழக்கம்.

வினை திரைச்சீலை வடிவில் வந்தது. பழைய சுவர்களில் மின்சாரம் இழுக்கக்கூடாது என்று உத்தரவு. அதனால் மாமியாரின் கரி இஸ்திரிப் பெட்டியைச் சொல்லாமல் எடுத்துவந்து, சலவை அறையில் திரைகளைத் தேய்த்து, சூடு ஆறட்டும் என்று அங்கேயே வைத்துவிட்டாள். மறுநாள் காய்ச்சலில் படுத்தவள் எழுந்து வருவதற்குள், அருங்காட்சியகக் காப்பாளர் அதை அந்த வீட்டுப் பழம்பொருள் என்று நினைத்துத் துலக்கிக் கண்ணாடிக் கூண்டில் ஏற்றி, 'துரைசானி தம் கையால் பயன்படுத்தியது' என்று பலகையும் மாட்டிவிட்டார். பேப்பரில் படம்கூட வந்தது. பூரித்துப்போய் நின்ற மனிதரிடம் எப்படிச் சொல்வது? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று விழுங்கியே வருடங்கள் ஓடின. வீட்டிலோ மாமியார், "என் பொட்டிய எவளுக்குத் தூக்கிக் குடுத்தே?" என்று ஓயாமல் பிடுங்கினாள்.

அப்புறம் ஒரு நாள் துரையின் பேத்தி வருவதாகத் தகவல் வந்தது. சிறுமியாக இருந்தபோது இந்த வீட்டில் ஓடியாடி, தமிழ் பேசி வளர்ந்தவர். பெட்டி பாட்டியுடையதல்ல என்று அவருக்குத் தெரிந்துவிடுமே என்று, சாவியக்கா கூண்டுக் கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

நரைத்த தலையோடு வந்தார் பேத்தி. ஒவ்வோர் அறையாக எதையோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டே வந்தவர், கண்ணாடிக் கூண்டுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"உங்க பாட்டி பயன்படுத்தினதும்மா" என்றார் காப்பாளர், மார்பை நிமிர்த்தி.

"இருக்காதே. அதைப் பாட்டி கெணத்துல போட்டுட்டாங்களே!"

காப்பாளர் பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் சாவியக்கா தப்பியிருப்பாள். ஆனால் அந்த மனிதர் விழி பிதுங்கி நின்றதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"அது என் மாமியாரோடதும்மா" என்று ஆரம்பித்து, திரைச்சீலை முதல் காய்ச்சல் வரை கொட்டித் தீர்த்தாள். "சார் மேல தப்பில்ல. எல்லாம் நான் என் வாய்க்குப் போட்டுக்கிட்ட பூட்டாலதான்."

பேத்தி சிரித்த சிரிப்பில் கூண்டுக் கண்ணாடியே அதிர்ந்தது.

"பாட்டி ஒரு நாள் தாத்தா சட்டையக் கருக்கிட்டாங்க. தாத்தா கத்தினாரு. அந்தக் கோவத்துலதான் பொட்டி கெணத்துக்குப் போச்சு. அப்புறம் வெளியிலேருந்து ஒரு அம்மா சொந்தப் பொட்டியோட வந்து தேய்ச்சுக் குடுப்பாங்க. அவங்க மடியிலதான் நான் வளந்தேன். அவங்க இங்க இருந்ததுக்கு ஒரு அடையாளமாவது இருக்கான்னுதான் காலையிலேருந்து தேடறேன்." கண்ணாடியை மெல்லத் தடவினார். "இது இங்கேயே இருக்கட்டும். பலகைய மட்டும் மாத்துங்க."

"சார், என் வேலை?" என்றாள் சாவியக்கா.

"வேலைக்கென்ன? நாளைக்கும் நீதானே கதவைத் தொறக்கணும்?" என்றார் காப்பாளர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. போன உயிர் திரும்பி வந்தது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள்.

அடுத்த வாரம் புதுப் பலகை ஏறியது: 'இந்த வீட்டில் துணி தேய்த்த பெண்களின் நினைவாக. கொடுத்தவர்: சாவியக்காவின் மாமியார்.'

கொடுத்தவரைக் கைபிடித்து அழைத்து வந்தாள் மருமகள். கிழவி கூண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கைப்பிடியில் இருந்த பழைய கீறலைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"வேணும்னா கேட்டு வாங்கிட்டுப் போயிடலாம் அத்தே" என்றாள் சாவியக்கா.

"வாயை மூடு. வீட்டுக்கு வந்தா மறுபடியும் என்னையே தேய்க்கச் சொல்லுவீங்க" என்றாள் மாமியார்.