நாத்தனாருக்கு ஒரு பட்டு

தென்னேரி கிராமத்துக் கலையரசி, பெரிய காஞ்சிபுரத்தில் அப்துல் சத்தாரின் பட்டுக்கடையில் ஜாக்கெட் துணி வெட்டித்தான் வேலையைத் தொடங்கினாள். நாற்று நட்டுப் பிள்ளை வளர்த்த அம்மாவுக்குப் பிறந்தவள். வாய் மட்டும் ஊருக்கே போதும். அந்த வாய்க்காகவே இந்த ஆவணியில் முதலாளி அவளை மாடிக்கு ஏற்றி, முகூர்த்தப் பட்டுப் பிரிவையே கையில் கொடுத்தார்.

"வியாபாரம் படுத்துதுன்னா மறுபடி கீழதாம்மா" என்று ஒரு வார்த்தை சேர்த்தும் வைத்தார்.

கலையரசியா அசருவாள்? வந்தவர்கள் உட்காருவதற்குள் அவர்கள் வீட்டு வழக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். சர்ச் கல்யாணமா, வெள்ளையில் சரிகை விரியும். முஸ்லிம் வீட்டு நிக்காஹ்வா, மயிலும் அன்னமும் அலமாரிக்குள் போய், பூவும் கொடியும் வெளியே வரும். தாலி கட்டும் வீட்டார் கண்ணில் கறுப்பு மட்டும் படவே படாது. இவ்வளவும் தெரிந்த மகராசி, வாலாஜாபாத்தில் நைட்டி ஒன்று வாங்கி இன்னொன்றை இலவசமாகப் பெற்ற குஷியில் கோட்டை விட்டாள். மறுநாளே கடை வாசலில் ஆளுயர பேனர்: "முகூர்த்தப் பட்டு ஒன்று எடுத்தால் சாஃப்ட் சில்க் ஒன்று இலவசம்!"

ஜனங்கள் நின்று படித்தார்கள். படித்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்கள். மாடியில் ஈ, காக்கை இல்லை. கலையரசி கீழே இறங்கும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒருவழியாக ஒரு குடும்பம், பேச்சு சுவாரசியத்தில் பேனரைப் பார்க்காமலே மேலே வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ரேணுகாம்பாள், பெண்ணின் அம்மா புவனேஸ்வரி, மாப்பிள்ளையின் அக்கா நந்தினி, பின்னால் ஒரு வேன் நிறைய சொந்தம். அரக்கில் ஒரு பட்டு எல்லோருக்கும் பிடித்துப்போனது. பூரிப்பு தாங்காமல் கலையரசி சொன்னாள்:

"இதுக்கு இன்னொண்ணு ஃப்ரீம்மா!"

ரேணுகாம்பாள் முகம் சுருங்கியது. "இன்னாம்மா இது, நைட்டியா வாங்க வந்துக்கிறோம்? எம் மருமவளுக்கு ஓசிப் பொடவை எடுத்தேன்னு ஊரே சிரிக்காதா?"

"ஃப்ரீ யாருக்கு?" என்றாள் புவனேஸ்வரி. "எங்க பொண்ணு பொடவையோட வர்றது எங்களுக்குத்தானே?"

"துட்டு குடுக்குறது நாங்க!"

"பொண்ணு குடுக்குறது நாங்க!"

வேன் சொந்தம் இரண்டாகப் பிரிந்து நின்றது. விட்டால் கல்யாணமே நின்றுவிடும்போல இருந்தது. சத்தம் கேட்டு முதலாளியும் படியேறி வந்துவிட்டார். கலையரசியின் கண், ஓரமாக வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்த நந்தினிமேல் விழுந்தது. சட்டென்று ஒரு தாம்பாளத்தை எடுத்து மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு வைத்து, அந்த சாஃப்ட் சில்க்கையும் வைத்தாள்.

"யம்மா, தாலில மாப்ள ஒரு முடிச்சு போட்டா மத்த முடிச்சுங்க நாத்தனார் போடுறது. பொண்ணு வீட்ல அவங்களுக்கு ஒரு பொடவை வெக்கணும் இல்ல? அந்த சீரு எங்க கடையோடது. இது ஓசி இல்லம்மா, மரியாதை."

வாங்கிக்கொள்வது தன் மகள் என்றதும் ரேணுகாம்பாள் குளிர்ந்தாள். ஒரு செலவு மிச்சம் என்று புவனேஸ்வரி மலர்ந்தாள். நந்தினி தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அங்கேயே ஒரு செல்ஃபி எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

அன்று மாலையே பேனர் மாறியது: "முகூர்த்தப் பட்டு உங்கள் வீட்டிலிருந்து, நாத்தனார் சீர் எங்கள் கடையிலிருந்து." அவ்வளவுதான்! காஞ்சிபுரத்து நாத்தனார்கள் எல்லாம் அம்மாக்களைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு மாப்பிள்ளைக்கு நான்கு அக்காக்கள். யார் முடிச்சுப் போடுவதென்று கடையிலேயே பஞ்சாயத்து. கலையரசிக்குப் புடவை விரித்துக் கை வலித்தது, சிரித்து வாய் வலித்தது.

இருந்தாலும் அந்த முதல் பேனரின் பயம் மனதைவிட்டுப் போகவில்லை. கூட்டத்தில் திணறிக்கொண்டிருந்த முதலாளியிடம் மெல்லக் கேட்டாள்:

"பாய், நான் கீழ போவணுமா?"

சத்தார் படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

"எப்டிம்மா போவ? வழி பூரா நாத்தனாருங்க நின்னுக்கினு இருக்காங்க."