கண் திறக்காத குதிரை

போன வருசம் எங்கள் பெரக்கரை நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பாட்டு நாடகம் போட்டார்கள். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. ரோடு வராத காலத்தில் மிளகு மூட்டையைக் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிப் போகிற ஒரு குடும்பத்தின் கதை. கீழேயிருந்து மாற்றலாகி வந்த டீச்சர்தான் எழுதிச் சொல்லிக்கொடுத்தார்.

என் மகளுக்குப் பாட ஆசை. ஆனால் தொண்டை கட்டிக்கொள்கிற பிள்ளை, நாலு வரி பாடுவதற்குள் குரல் கம்மிவிடும். பாடுகிறவர்களில் அவளைச் சேர்க்கவில்லை. சில நாள் சோற்றைக் கொறித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே போய், "குதிரையை நான் செய்யறனுங்க டீச்சர்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

மூங்கில் சிம்பை வளைத்து விலா கட்டினாள். அதற்குமேல் எங்கள் ஊட்டு மிளகுச் சாக்கு. முகத்துக்கும் காதுக்கும் பாக்கு மட்டை, பிடரிக்குச் சீமாற்றுப் புல், வாலுக்குக் கற்றாழை நார். உள்ளே இரண்டு பேர் குனிந்துகொண்டு நடக்க வேண்டும். முன்கால் அவளுடைய சிநேகிதி, பின்கால் இவள். குளம்புச் சத்தத்துக்குக் கையில் கொட்டாங்குச்சி. வாசலில் நடத்திப் பார்த்தபோது கட்டியிருந்த எருது மிரண்டு கயிற்றை இழுத்தது. அன்றைக்குத்தான் என் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள்.

கடைசியாகக் கறுப்புப் பெயிண்டை எடுத்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணு மட்டும் எழுதாத சாமி."

எங்கள் காவல் சாமிக்கு மண் குதிரை செய்து வைக்கிற நேர்த்தி உண்டு. கண் எழுதாதவரை அது வெறும் மண். பூசாரி பூசை போட்டுக் கண் திறந்துவிட்டால் சாமியின் குதிரை. பிறகு அதன்மேல் ஒரு கால் படக்கூடாது. கண் எழுதிய குதிரைக்குள் புகுந்து பிள்ளைகள் ஆடினால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

"இது சாக்கும்மா!"

"அதும் மொதல்ல மண்ணுதான கண்ணு?"

டீச்சர் வந்து பார்த்தார். "கண்ணில்லாம மேடையில வந்தாச் சின்னப் புள்ளைங்க பயந்துருமேக்கா" என்றார்.

"சாமி கோவிச்சுக்கிட்டா என்னங்க பண்றது டீச்சர்?"

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பக் குதிரையே வேண்டாம். மூட்டையத் தலைல தூக்கிட்டுப் போற மாதிரி மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் குதிரைக்குள் புகுந்து பின்கால் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டும் வரவில்லை.

விளக்கேற்றிக் கும்பிட்டேன். பிள்ளை மனசும் நோகக்கூடாது, உன் காரியமும் கெடக்கூடாது, நீயே ஒரு வழி சொல்லு என்று கேட்டேன். காலையில் அவள் எழுந்ததும் என்னிடம் வந்தாள்.

"அம்மா, அது தூங்குனா?"

"எது?"

"குதிரை. கண்ண மூடிக்கிட்டே நடந்தா? தெனம் போற வழிதான, அதுக்குத் தெரியாதா?"

பூசாரியைத் தேடிப் போனோம். மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார். கேட்டதும் சிரித்துவிட்டார்.

"தொறக்கறதுதான் என் வேலை. மூடுன கண்ணுக்கு எதுக்கு என்னக் கேக்கறீங்க? தாராளமாத் தூங்கட்டும். நம்ம மலையில பஸ் டிரைவரு தூங்காம இருந்தாப் போதும்!"

வளைவாக இரண்டு கோடு வரைந்து, புல்லை நறுக்கி இமை முடி ஒட்டினாள். டீச்சரும் பாட்டை மாற்றினார்: மிளகு வாசத்தை மோந்துகொண்டே தூக்கத்தில் மலையிறங்குகிற குதிரை.

நாடகத்தன்று ஆலத்தூர் நாட்டிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். டக் டக் என்று குதிரை வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த சின்னஞ்சிறுசுகள் யாரும் பயப்படவில்லை. "தூங்குது, சத்தம் போடாதீங்க" என்று ஒருவர் வாயை ஒருவர் பொத்தினார்கள்.

அந்த அமைதியில் குதிரையின் பின்பக்கம் தும்மியது.

எத்தனை உதறினாலும் மிளகுச் சாக்கு மிளகுச் சாக்குதானே. மறுபடியும் ஒரு தும்மல். கூட்டம் கொல்லென்று சிரித்தது. "குதிரைக்கு மூக்கு பொறத்தால இருக்குதாட்ட!" என்று ஒருவர் கத்தினார். குதிரை அப்படியே நின்றுவிட்டது. பாடுகிறவர்களும் நிறுத்திவிட்டார்கள். உள்ளே என் பிள்ளை என்ன பாடுபடுகிறாளோ!

ஊட்டில் பிள்ளை தும்மினால் சொல்வது அப்படியே வாயில் வந்துவிட்டது.

"நூறாயுசு கண்ணு!"

பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவும் சொன்னார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் சொன்னார்கள். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் முழுக்க "நூறாயுசு! நூறாயுசு!" என்று சத்தம்.

கொட்டாங்குச்சி மெதுவாக டக்கென்றது. குதிரை எங்கள் பக்கம் திரும்பித் தலையைத் தாழ்த்தியது. பாட்டு விட்ட இடத்திலிருந்து எழுந்தது.

முடிந்ததும் மூக்கும் கண்ணும் சிவந்துபோய் வெளியே வந்தாள்.

"மொதல்ல சொன்னது நீதான?"

"எல்லாருந்தான் சொன்னாங்க."

"குதிரைக்கா, எனக்கா?"

"குதிரையோட பின்காலுக்கு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இன்னொரு தும்மலும்.